கயிறு வேண்டாம்

"கொலை இல்லையா மேடம்?"

"இல்லை."

"கொள்ளை?"

"இல்லை."

"ஒரு கடத்தலாவது?"

"மொட்டைக் கடுதாசி" என்றாள் ரோஸ்மேரி. "கயித்தை இழு. காலேஜ் ஸ்டாப்பிங் வந்திருச்சு."

சின்னக்கண்ணு முகத்தைத் தொங்கப்போட்டபடி பஸ்ஸின் மணிக்கயிற்றை இழுத்தான். இரண்டு வருடம் முன்பு வரை இதே மதுரை ரோட்டில் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். ஒவ்வொரு டிக்கெட்டோடும் பயணிக்கு ஒரு கருத்தையும் இலவசமாகக் கொடுத்து வந்தான். ஒருநாள் அந்த இலவசம் முதலாளியின் மாமியாருக்கும் போய்விட்டது. அன்றோடு வேலை போனது. இப்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பூட்டுக்கடை மாடியில் இருக்கும் 'ரோஸ்மேரி தனியார் விசாரணை நிலைய'த்தின் ஒரே ஊழியன்.

ரோஸ்மேரிக்கு நாற்பத்திரண்டு வயது. இருபது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக உட்கார்ந்து, ஊரின் குரல்களையெல்லாம் காதுக்குள் வாங்கியவள். யார் எந்த இடத்தில் தயங்குகிறார்கள், ஏன் தயங்குகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பெரும்பாலும் கல்யாண விசாரணைதான் வரும். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்குக் கோபம் வருமா. கல்லூரியிலிருந்து அழைப்பு வருவது இதுதான் முதல் தடவை.

அழகர்ராஜா கலைக் கல்லூரி திண்டுக்கல்லுக்கும் சின்னாளபட்டிக்கும் நடுவில் இருந்தது. நாலு துறை, முன்னூற்றுச் சொச்சம் பிள்ளைகள், கட்டடத்தைவிட மூன்று பங்கு பெரிய ஒரு மைதானம். மைதானத்தில் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு போட்ட ஓடுபாதை வெயிலில் பளபளத்தது.

முதல்வர் சொர்ணலட்சுமி வரலாற்றுப் பேராசிரியை. விளையாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பரிசு கொடுக்கும்போது கோப்பையைப் பார்க்காமல் கேமராவைப் பார்க்க வேண்டும். ரோஸ்மேரி உட்காருவதற்கு முன்பே அவர் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"படிங்க. பல்கலைக்கழகத்துக்கு யாரோ எழுதிப் போட்டிருக்காங்க. அவங்க எங்களுக்கு அனுப்பி வச்சிருக்காங்க."

கோடு போட்ட தாள். ஒவ்வொரு எழுத்தும் ஸ்கேல் வைத்துக் கீறியதுபோல மூலை மூலையாக இருந்தது.

'ஐயா, இந்த ஆண்டு மண்டலப் போட்டி நடக்கவிருக்கும் அழகர்ராஜா கல்லூரி மைதானத்தில் ஓடுபாதையின் அளவு தவறு. ஆள் அனுப்பி இரும்பு டேப் வைத்து அளக்கவும். கயிறு வேண்டாம். இப்படிக்கு, உண்மை விரும்பி.'

"உண்மை விரும்பிக்கு வேற வேலையே இல்லை மேடம்" என்றான் சின்னக்கண்ணு. "எங்க டெப்போவுக்கும் மாசம் மூணு லெட்டர் போடுவாரு."

முதல்வர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரோஸ்மேரியிடம் திரும்பினார். "இன்னைக்கு மூணு மணிக்கு அளக்க ஆள் வாராங்க. காலேஜ் ஆரம்பிச்சுப் பதினாலு வருஷத்துல இப்பத்தான் மண்டலப் போட்டி நமக்குக் கிடைச்சிருக்கு. அடுத்த வாரம் பதினெட்டு காலேஜ் வருது. இதை யாரோ பொறாமையில எழுதினாங்கன்னு வாரவர்கிட்ட பேரோட சொல்லணும். அந்தப் பேரு எனக்கு மூணு மணிக்குள்ள வேணும்."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"சந்தேகமே இல்லை" என்று கதவருகிலிருந்து ஒரு குரல் வந்தது.

கழுத்தில் விசில் தொங்க, வாசலை அடைத்துக்கொண்டு நின்றார் உடற்கல்வி ஆசிரியர் பரணிதரன். அவர் உள்ளே வந்ததும் அறை பாதியாகச் சுருங்கிப்போனது. "கவரைப் பாருங்க. வத்தலக்குண்டு முத்திரை. அங்க இருக்கிற காலேஜுக்குத்தான் வருஷா வருஷம் இந்தப் போட்டி போகும். இந்த வாட்டி போகலை. அங்க பி.டி. மாஸ்டர் ஈஸ்வரன். நானும் அவனும் ஒண்ணாப் படிச்சவங்க. இது அவன் எழுத்துதான்."

"ஸ்கேல் வச்சில்ல எழுதியிருக்கு? எழுத்து எப்படித் தெரியும்?"

"ஸ்கேலைப் பார்த்தாலே தெரியுதுங்க."

சின்னக்கண்ணு இருமுவதுபோல் சிரித்தான்.

பரணிதரன் அதைக் கண்டுகொள்ளவில்லை. "எங்க பிள்ளை கௌசல்யா, செகண்ட் இயர். ஆயிரத்தைந்நூறு மீட்டரை அஞ்சு நிமிஷம் மூணு செகண்டுல ஓடுறா. காலேஜ் ரெக்கார்டு. மண்டலப் போட்டியில அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஓடிட்டா யுனிவர்சிட்டி டீமுக்கு எடுத்துருவாங்க. எங்க காலேஜுல இருந்து இதுவரைக்கும் ஒரு ஆள் போனதில்லை. அவனுக்கு வயிறெரியாதா? பாதை சின்னது, ரெக்கார்டு பொய்னு கிளப்பி விட்டா, மைதானமும் போச்சு, பிள்ளையும் போச்சு."

"பாதையை யார் அளந்தது?"

"நானே நின்னு அளந்தேன். அளவுக் கயிறு இருக்கு, ஐம்பது மீட்டர். போன வருஷம் டேப் வாங்கியாந்து, கயித்தை அளந்து, என் கையாலயே முடிச்சுப் போட்டு வச்சது. எட்டுக் கயிறு, நானூறு மீட்டர். ஒரு விரல்கடை தப்பாது."

ரோஸ்மேரி கடிதத்தை மறுபடி படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள். பிறகு தபால் முத்திரையின் தேதியைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டு எழுந்தாள்.

"வத்தலக்குண்டு போயிட்டு வாரோம்."

* * *

செம்பட்டியில் பஸ் மாறி வத்தலக்குண்டு போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. ஈஸ்வரன் விளையாட்டுச் சாமான் அறையில், மடியில் ஒரு கால்பந்தை வைத்துக்கொண்டு அதன் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். குள்ளமான, குண்டான, சந்தோஷமான மனிதர். ரோஸ்மேரி விஷயத்தைச் சொல்லி முடித்ததும் ஊசியைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பந்து மடியிலிருந்து உருண்டு போனது.

"பரணி பாதையில அளவு தப்பா? ஐயோ, இது எனக்குத் தோணாமப் போச்சே!"

"அப்போ எழுதினது நீங்க இல்லையா?"

"நான் எழுதியிருந்தா மொட்டையா எழுதுவேனா அம்மா? பேரு போட்டு, பதவி போட்டு, சீல் குத்தி, நகல் கலெக்டருக்குன்னு எழுதி, பரணிக்கே ஒரு காப்பி ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பியிருப்பேன். அவன் அதைப் பிரிக்கிறப்ப மூஞ்சி போற போக்கைப் பார்க்க நேர்லயே வந்திருப்பேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்று ரோஸ்மேரிக்குத் தெரிந்தது. பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு ஏக்கத்தோடு பேச மாட்டார்கள்.

"கடுதாசி பத்தொன்பதாம் தேதி இந்த ஊர்ல போட்டிருக்கு சார்."

"பத்தொன்பதா?" ஈஸ்வரன் யோசித்தார். "அன்னைக்குத்தான் அவங்க டீம் இங்க வந்துச்சு, பரணி வரலை. கோகோ ஆட்டம், சும்மா பழகுறதுக்கு. சாயந்திரம் அந்தக் கௌசல்யா பிள்ளை, உங்க மைதானத்துல ஒரு ஓட்டம் ஓடிப் பார்க்கட்டுமா சார்னு கேட்டுச்சு. ஓடுன்னேன். ஆயிரத்தைந்நூறு. நான்தான் வாட்ச் பிடிச்சேன். அந்த நேரம் பார்த்து என் வாட்ச் காலை வாரிருச்சு."

"நின்னு போச்சா?"

"நிக்கலை. எட்டு செகண்டைத் தின்னுருச்சு. நாலு நிமிஷம் ஐம்பத்தஞ்சுன்னு காட்டுது! அந்தப் பிள்ளை ஓடுறது அஞ்சு மூணு. பரணி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறானே. மறுநாளே வாட்ச் ரிப்பேர் கடையில குடுத்தேன். அவன் கழட்டிப் பார்த்துட்டு, ஒண்ணும் இல்லை சார், நல்லாத்தான் ஓடுதுங்கிறான். திருட்டுப் பய, வேலை தெரியாம சொல்றான்."

"உங்க மைதானத்தை அளந்தது யாரு சார்?"

"எங்க சேர்மனுக்கு மருமகன் சர்வேயர். சங்கிலி, டேப்பு, தூரதர்சினி எல்லாம் கொண்டாந்து அளந்தாரு. மைதானத்தை அளந்தாரா, எங்க சொத்தை அளந்தாரான்னு எனக்கே சந்தேகம்."

ரோஸ்மேரி சிரித்தபடி விடைபெற்றாள்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில், மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிய கொடைக்கானல் பயணிகளுக்கு நடுவே சின்னக்கண்ணு இரண்டு பொட்டலம் கடலை வாங்கினான். "அரை நாள் போச்சு மேடம். கைக்கு வந்தது இந்தக் கடலை மட்டும்தான்."

"தபால்பெட்டி எங்க இருக்கு பாரு."

டீக்கடைத் தூணில் அது சிவப்பாகத் தொங்கியது. செம்பட்டி, திண்டுக்கல் என்று போகிற பஸ்ஸெல்லாம் அதன் முன்னாலேயே நின்றன.

"அன்னைக்கு கோகோ டீமும் இங்கதான் பஸ் ஏறியிருக்கும்" என்றாள் ரோஸ்மேரி. "கடுதாசியில மூணாவது வரி என்ன?"

"கயிறு வேண்டாம்."

"பாதையைக் கயித்துல அளந்தாங்கன்னு வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? ஈஸ்வரனுக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தா அதுக்கும் ஒரு சிரிப்புச் சிரிச்சிருப்பாரு. எழுதினது வீட்டு ஆளு, சின்னக்கண்ணு. வெளி ஆளு இல்லை."

சின்னக்கண்ணு கடலை மெல்லுவதை நிறுத்தினான். "அப்போ கயிறு யார் கையில இருக்கோ, அந்த ஆளுதான்."

"அந்த ஆளையும் பார்ப்போம்."

* * *

கயிறு நல்லுசாமியின் கையில் இருந்தது. கல்லூரியில் மார்க்கர் வேலை, அதாவது மைதானத்துக்குக் கோடு போடுவது, கம்பம் நடுவது, பந்துக்குக் காற்றடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஐம்பது வயசு, முழங்கால் வரைக்கும் சுண்ணாம்பு. சாமான் அறையின் மூலையில் சுருட்டி வைத்திருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து போட்டார். கட்டைவிரல் தடிமன், பருத்திக் கயிறு. பத்து மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி முடிச்சு. நடுவில் ஓரிடத்தில் மட்டும் நீலத்துணி.

"இந்த நீலம் எதுக்குங்க?"

"அது கோகோ கம்பத்துக்கு அம்மா. ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல இம்புட்டுத்தான் இருக்கணும்னு பரணி சார் கட்டினது." நல்லுசாமி குரலைத் தாழ்த்தினார். "ஒரு விசயம் சொன்னா யார்கிட்டயும் சொல்லாதீக. அந்தக் கம்பம் நகருது."

"நகருதா?"

"போன வருஷம் நட்டேன். சிமெண்டு போட்டு நட்டது. கயித்தை வச்சா நீலத்துணி டாண்ணு கம்பத்துல நின்னுச்சு. போன வாரம் வச்சுப் பார்த்தா, துணி கம்பத்தைத் தாண்டி ஒன்றரை முழம் போயிருச்சு! கம்பம் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்து நடந்து வந்திருக்கு. மழைக்கு மண் இளகியிருக்கும்னு நெனைக்கேன். சார்கிட்ட சொன்னா திட்டுவாரு, அதான் சொல்லலை."

"கம்பத்துக்குக் காதல் முத்திருச்சு போல" என்றான் சின்னக்கண்ணு.

ரோஸ்மேரி சிரிக்கவில்லை. கயிற்றைக் கையில் எடுத்து நீவினாள். சில இடங்களில் புரி விட்டு மெலிந்து, இழை இழையாகப் பிசிறு நின்றது. "இது அளக்கிறதுக்கு மட்டும்தானா? வேற எதுக்கும் எடுத்தீங்களா?"

"வேற எதுக்கு எடுக்கப் போறோம்? ஆங், ஜூலையில காலேஜ் டே அன்னைக்குக் கயிறு இழுக்கிற போட்டி. திண்டுக்கல்லுல இருந்து பெரிய வடம் வாரதா இருந்துச்சு. வரலை. கூட்டம் கூடிருச்சு. சரி, இருக்கிறதை எடுன்னு பரணி சார் சொல்லிட்டாரு. வாத்தியார் பக்கம் பன்னெண்டு பேரு, பையங்க பக்கம் பன்னெண்டு பேரு. வாத்தியார் பக்கம் கடைசி ஆளு பரணி சாருதான். இடுப்புல சுத்திக்கிட்டு மலை மாதிரி சாஞ்சு நின்னாரு. கால் மணி நேரம் இழுத்தாக அம்மா! பொருளாதார வாத்தியார் வேட்டி அவுந்து போச்சு, அப்பக்கூட விடலை."

"ஜெயிச்சது யாரு?"

"ஒருத்தரும் இல்லை. பாதிப் பாதின்னு முடிச்சுட்டாக."

"பாதைக்குக் கோடு போட்டது?"

"ஆகஸ்டு ஒண்ணாந்தேதி."

ரோஸ்மேரி நோட்டை மூடினாள். மணி இரண்டேகால்.

"இந்த ஆளுக்குக் கடுதாசி எழுதற மூஞ்சி இல்லை மேடம்" என்று வெளியே வந்ததும் சின்னக்கண்ணு முணுமுணுத்தான். "இன்னும் முக்கால் மணி நேரந்தான் இருக்கு. அடுத்து யாரு?"

"யார் மேல கடுதாசி போட்டாங்களோ, அந்தப் பிள்ளையை இன்னும் நாம பார்க்கலையே."

* * *

கௌசல்யா மைதானத்தின் கோடியில் வேப்ப மரத்தடியில் தனியாக உட்கார்ந்து காலைத் தேய்த்து விட்டுக்கொண்டிருந்தாள். ஒல்லி, உயரம், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. சின்னாளபட்டிக்காரி. வீட்டில் தறி ஓடுகிறது. ரோஸ்மேரி பக்கத்தில் போய்ப் புல்லில் உட்கார்ந்தாள். சின்னக்கண்ணு மரத்தில் சாய்ந்து கடலைப் பொட்டலத்தைப் பிரித்தான்.

"கவலைப்படாத தாயி" என்று அவன் ஆரம்பித்தான். "உன் பேரைக் கெடுக்கணும்னு எழுதினவன் எவனா இருந்தாலும் மூணு மணிக்குள்ள பிடிச்சிருவோம்."

"சரிங்கண்ணே" என்றாள் கௌசல்யா. அந்தச் 'சரி' வருவதற்கு ஒரு கணம் தாமதமானது. ரோஸ்மேரிக்கு அது கேட்டது.

"தினம் எங்கம்மா ஓடுவ?"

"காலையில ரோட்டுல. எங்க ஊர்ல இருந்து இங்க வரைக்கும். அப்புறம் இங்க."

"ஓடும்போது மனசுல என்ன ஓடும்? பாட்டா, படிப்பா?"

"ஒண்ணும் இல்லக்கா. எண்ணிக்கிட்டே ஓடுவேன்."

"எதை?"

"எட்டு வைக்கிறதை. எங்கம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவாங்க. நானும் ஏழு வயசுல இருந்து போடுறேன். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு. எண்ணாம எனக்குக் கை காலு ஓடாது."

"அப்படியா? ஒரு சுத்துக்கு எத்தனை எட்டு?"

"இங்கேயாக்கா, வத்தலக்குண்டுலயா?"

சொல்லி முடித்த பிறகுதான் கௌசல்யாவுக்குத் தான் சொன்னது என்ன என்று உறைத்தது. தேய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. சின்னக்கண்ணுவின் விரலிடுக்கிலிருந்து ஒரு கடலை நழுவிப் புல்லில் விழுந்தது.

"ரெண்டும் சொல்லு" என்றாள் ரோஸ்மேரி.

கௌசல்யா சடையை முன்னால் இழுத்துப் போட்டாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இங்க இருநூத்தி ஐம்பது. அங்க இருநூத்தி நாப்பத்தி மூணு. ரோட்டுல ஒரு கிலோமீட்டர் கல்லுல இருந்து அடுத்த கல்லுக்கு அறுநூத்தி ஏழு. இங்க ரெண்டரைச் சுத்துக்கு அறுநூத்தி இருபத்தஞ்சு."

சின்னக்கண்ணு வாயில் கணக்குப் போட்டான். "இரு, இரு. இங்க எண்ணிக்கை அதிகமா வருதுன்னா... பாதை சின்னது இல்லையா?"

"சின்னதுன்னு யார் சொன்னது?" ரோஸ்மேரி கடிதத்தை விரித்து அவன் முன்னால் நீட்டினாள். "படி. அளவு தவறுன்னுதான் எழுதியிருக்கு. குறைச்சல்னு எங்கயாவது இருக்கா? முதல்வர் குறைச்சல்னு படிச்சாங்க, பரணி சார் குறைச்சல்னு படிச்சாரு, ஈஸ்வரனும் அப்படித்தான் எடுத்துக்கிட்டாரு. பாதை நீளம், சின்னக்கண்ணு. அந்தக் கம்பம் நகரலை. அந்த வாட்ச் எதையும் தின்னலை. இருபத்தி நாலு பேரு கால் மணி நேரம் இழுத்ததுல கயிறு நீண்டு போச்சு. நீண்ட கயித்தை வச்சு எட்டு வாட்டி அளந்தாங்க."

"அப்போ இந்தப் பிள்ளை ஓடுறது ஆயிரத்தைந்நூறே இல்லையா?"

"அதுக்கு மேல. ரெண்டு மாசமா."

கௌசல்யாவின் கண் கலங்கியது, ஆனால் குரல் கலங்கவில்லை. "பரணி சார்கிட்ட மூணு வாட்டி சொன்னேங்க்கா. ரெண்டு வாட்டி வாயால. ஒரு வாட்டி தாளுல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். ஓட முடியலைன்னா காலைப் பாரு, தரையைப் பார்க்காதேன்னாரு. நானும் என் காலைத்தான் சந்தேகப்பட்டேன். காலையில நாலரைக்கு எந்திரிச்சேன். சோத்தைக் குறைச்சேன். அப்பவும் அஞ்சு மூணுதான். ஓட்டத்தையே விட்டுரலாம்னு இருந்தேன். எதுக்கும் இருக்கட்டும்னு கடுதாசியை எழுதிப் பையில வச்சுக்கிட்டு வத்தலக்குண்டு போனேன். அங்க ஓடி முடிச்சதும் ஈஸ்வரன் சார் வாட்ச்சைத் தட்டித் தட்டிப் பார்த்தாரு பாருங்க, அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, தப்பு என் காலு மேல இல்லைன்னு. பஸ் ஏறுறப்ப பெட்டியில போட்டுட்டேன்."

"மொட்டையா எதுக்குப் போட்ட?"

"எங்க பிள்ளை நல்லா ஓடுது, வந்து அளந்து பாருங்கன்னு சொன்னா யாரு வருவா? புகார்னு சொன்னாத்தானே பஸ் பிடிச்சு வருவாங்க."

சின்னக்கண்ணு மரத்தைவிட்டு நிமிர்ந்து நின்றான். "மேடம், இந்தப் பிள்ளையை நம்ம ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். நான் வேணும்னா பழைய பஸ்ஸுக்கே போயிடுறேன்."

தூரத்தில், கல்லூரி வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒல்லியான ஒருவர், ஒரு கையில் குடையும் மறு கையில் வட்டமான தோல் உறையும் கொண்டு இறங்கினார். தோல் உறைக்குள் இரும்பு டேப்.

கௌசல்யா எழுந்து நின்றாள். "முதல்வர்கிட்ட என் பேரைச் சொல்லப் போறீங்களாக்கா?"

"அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க." ரோஸ்மேரி சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள். "ஆனா டேப் சொல்லி முடிக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்கப்புறம் நீ சொல்றியா, நான் சொல்லவான்னு நீயே முடிவு பண்ணு."

* * *

அளக்க ஒரு மணி நேரம் ஆனது. மைதானத்தைச் சுற்றிலும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பல்கலைக்கழகத்துக்காரர் குனிந்து குனிந்து அளந்து நோட்டில் குறித்தார். நல்லுசாமி டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, கோகோ கம்பத்தைத் தாண்டும்போதெல்லாம் அதைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பரணிதரன் கையைக் கட்டிக்கொண்டு கூடவே நடந்தார். முதல்வர் ரோஸ்மேரியின் காதில், "பேரு? பேரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஒல்லி மனிதர் நோட்டில் கூட்டிப் பார்த்தார். மறுபடியும் கூட்டினார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"புகார் உண்மைதான் மேடம். அளவு தவறு."

முதல்வர் நாற்காலியைத் தேடினார்.

"நானூறு இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு."

ஒரு கணம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. முதலில் புரிந்தது பரணிதரனுக்குத்தான். கையை அவிழ்த்தார். முகத்தில் இருந்த முறுக்கு ஒவ்வொன்றாகக் கழன்றது.

"அதிகமா?" என்றார் முதல்வர். "அதிகமா இருந்தா நல்லதுதானே? போட்டி நமக்குத்தானே?"

"உள்கோட்டைத் திருத்திப் போட்டா போதும். ரெண்டு மணி நேர வேலை. போட்டி இங்கதான்." அவர் டேப்பைச் சுருட்டினார். "ஆனா இப்படியே விட்டிருந்தா அடுத்த வாரம் ஒரு பிள்ளைக்கும் சரியான நேரம் வந்திருக்காது. எழுதினவருக்கு நீங்க நன்றி சொல்லணும்."

முதல்வர் ரோஸ்மேரியைப் பார்த்தார். ரோஸ்மேரி வானத்தைப் பார்த்தாள்.

"நான்தான் எழுதினேன் மேடம்" என்றாள் கௌசல்யா.

முதல்வரின் வாய் திறந்து மூடியது. "நீயா? நீயே உன் மேலயா? பேரு போட்டு என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

கௌசல்யா சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள். பரணிதரன் பக்கம் திரும்பவில்லை. ஆனால் பரணிதரன் தானாகவே ஓரடி முன்னால் வந்தார். அந்தப் பெரிய உடம்பு இப்போது எங்கே ஒளியலாம் என்று தேடுவதுபோல இருந்தது.

"பேரு போட்டுத்தான் குடுத்துச்சு மேடம். என் மேசை டிராயர்ல இருக்கு. நான்தான் படிச்சுட்டு உள்ள போட்டேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "கயித்தைக் கடைசியில நின்னு இழுத்தவனும் நான்தான்."

யாரோ ஒரு மாணவன் சிரித்தான். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. பொருளாதாரப் பேராசிரியர் மட்டும் வேட்டியை இறுக்கிக்கொண்டு மெல்லப் பின்னால் நகர்ந்தார்.

பரணிதரன் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு விசிலைக் கழற்றி நல்லுசாமியிடம் கொடுத்துவிட்டு, சுண்ணாம்பு மூட்டையைத் தானே தோளில் தூக்கினார். "சார், டேப்பை இன்னும் செத்த நேரம் இரவல் குடுங்க. இன்னைக்கே போட்டுருவோம். கௌசல்யா, நீ ஓடினாப் போதும், எண்ணுறதை இனிமே நான் பார்த்துக்கிறேன்."

ஆறு மணிக்கு, வடக்கே மலைக்கோட்டைப் பாறை செம்மண் நிறமாக மாறியிருந்தபோது, புதுக் கோடு காயாமல் இருந்தது. கௌசல்யா ஒற்றையாக ஓடினாள். எதிர்த்து ஓட ஆள் இல்லை. மூணே முக்கால் சுற்று. கடைசிச் சுற்றில் பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள். குடைக்காரரும் ஊருக்குப் போக வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்தார்.

அவள் கோட்டைத் தாண்டியதும் பரணிதரன் வாட்ச்சை அழுத்தினார். பார்த்தார். வாட்ச்சை முதல்வரின் கையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல்வர் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனார், தூரமாகப் பிடித்தார். "சின்ன முள்ளு நாலைத் தாண்டி நிக்குது. பெரிய முள்ளு ஐம்பத்தி நாலு. இது நல்லதா, கெட்டதா? யாராச்சும் சொல்லுங்களேன்!"

பிள்ளைகள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். சின்னக்கண்ணு துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடினான். குடைக்காரர் நோட்டில் எதையோ எழுதி அடிக்கோடிட்டார்.

கௌசல்யாவுக்கும் அந்த எண் காதில் விழுந்தது. இடுப்பில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள், அப்படியே மல்லாந்து, கையை விரித்து, ஈரச் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே படுத்துவிட்டாள். வாய்விட்டுச் சிரித்தாள்.

"எந்திரி தாயி!" என்று நல்லுசாமி பதறிக்கொண்டு ஓடி வந்தார். "இப்பத்தான போட்டேன், கோடு அழியுது, எந்திரி!"

அவள் எழுந்திருக்கவில்லை.